எட்கர் ஸ்ட்ரீட் சேற்றில் ஒரு சனிக்கிழமை

அந்தப் பந்து தரையோடு உருண்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சேற்றில் ஏதோ ஒரு மேட்டில் பட்டு, உதைக்கத் தோதாக ஒரு குதி குதித்து வந்தது. எதிரே 28 வயது ரோனி ராட்ஃபோர்டு. தொழில், தச்சுவேலை. கோல் கம்பம் அங்கிருந்து முப்பது கெஜம் இருக்கும். அந்தச் சகதியில் அவ்வளவு தூரத்திலிருந்து அடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. அவருக்குத் தோன்றியது. வலது காலை வீசினார். பந்து மேலேறி, வலைக்குள் மேல் மூலையில் போய்ச் செருகியது.

1972 பிப்ரவரி 5, சனிக்கிழமை. இங்கிலாந்தின் மேற்கு எல்லையில், வேல்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெரிஃபோர்டு என்ற சின்ன ஊர். மைதானத்தின் பெயர் எட்கர் ஸ்ட்ரீட். ஒரு பக்கம் ஹெரிஃபோர்டு யுனைடெட், நாட்டின் நான்கு டிவிஷன்களில் எதிலும் இடம் இல்லாத அணி. எதிர்ப்பக்கம் முதல் டிவிஷன் நியூகாசில் யுனைடெட், எஃப்.ஏ. கோப்பையை ஆறு முறை வென்ற கிளப்.

அந்த கோலின் பதிவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பந்து வலையைத் தொட்டதும் ராட்ஃபோர்டு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அவருக்குப் பின்னால் ஊரே ஓடி வருகிறது. தொப்பி வைத்த குளிர் அங்கி மாட்டிய பையன்கள் நூற்றுக்கணக்கில் வேலியைத் தாண்டிக் களத்துக்குள் கொட்டுகிறார்கள். முப்பது விநாடிகூட இல்லாத இந்தத் துண்டை ஐம்பது வருடமாக இங்கிலாந்துத் தொலைக்காட்சி, எஃப்.ஏ. கோப்பை வரும்போதெல்லாம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆனால் அது வெற்றி கோல் அல்ல, சமன் செய்த கோல். ஆட்டத்தை வென்று தந்தது வேறொருவரின் கால். அந்த நாளின் பாரத்தைச் சுமந்தவர்களில் பலர் அந்தத் துண்டுப் படத்துக்குள் வரவே இல்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும்தான்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மைதானம்

ஹெரிஃபோர்டு என்றால் உலகத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது மாடு. செந்நிற உடலும் வெள்ளை முகமும் கொண்ட ஹெரிஃபோர்டு இன மாடுகள் அமெரிக்கா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா வரை போய்ப் பெருகியிருக்கின்றன. அடுத்தது ஆப்பிள் சைடர். பிறகு, தேவாலயத்தில் பாதுகாக்கப்படும் நடுக்கால உலக வரைபடம். ஊரின் மாட்டுச் சந்தையும் கால்பந்து மைதானமும் அன்று அடுத்தடுத்து இருந்தன. கிளப்பின் பட்டப்பெயர் ‘காளைகள்’. பெரிய ஆட்டங்களுக்கு முன் நிஜமான காளை ஒன்றைக் கயிறு பிடித்து மைதானத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு போவார்கள். விவசாயமும் சந்தையுமாகப் பிழைக்கும் ஊர் தன் அணியை இப்படிச் சொந்தம் கொண்டாடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த நாளில் இங்கிலாந்தின் லீக் அமைப்பில் நான்கு டிவிஷன்கள், 92 கிளப்கள். அதற்கு வெளியே இருந்த நூற்றுக்கணக்கான கிளப்களுக்கு அது பூட்டிய வீடு. நீங்கள் உங்கள் வட்டார லீக்கில் எத்தனை வருடம் முதலிடம் பிடித்தாலும் தானாகக் கதவு திறக்காது. நான்காவது டிவிஷனில் கடைசி நான்கு இடம் பிடித்த அணிகள் ஒவ்வொரு வருடமும் மறுபடி தங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் போடும். வெளியே இருப்பவர்களும் போடுவார்கள். உள்ளே இருக்கும் கிளப்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். பழகிய முகத்தை வெளியேற்ற யாருக்கு மனசு வரும்? பெரும்பாலும் பழைய நான்கு பேரே திரும்ப உள்ளே வந்துவிடுவார்கள். முதலிடம் பிடித்தால் நேரடி இடம் என்ற முறை 1987-இல்தான் வந்தது.

ஆகவே ஹெரிஃபோர்டு போன்ற அணிக்குத் தன்னை நாட்டுக்குக் காட்டிக்கொள்ள இருந்த ஒரே மேடை எஃப்.ஏ. கோப்பை. அங்கே மட்டும்தான் எல்லோர் பெயரும் குலுக்கலில் சேரும்.

பதினேழு விநாடி

யுவென்டஸில் கொடிகட்டிப் பறந்த வேல்ஸ் நாட்டு ஜான் சார்லஸ்தான் அதற்கு முன் ஹெரிஃபோர்டின் மேனேஜர். 1971-இல் அவர் விலக, கோலின் அடிசன் வந்தார். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் என்று பெரிய கிளப்களில் ஆடியவர். மேனேஜர் வேலையும் பார்த்து, களத்திலும் இறங்கி ஆட வேண்டும். அப்போது அவருக்கு வயது 31. அவரிடம் இருந்தவர்களில் பலர் வேறு தொழில் செய்துகொண்டே பந்து ஆடியவர்கள். ஹெரிஃபோர்டு ஆடிய சதர்ன் லீக்கில் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

கோப்பையின் மூன்றாவது சுற்றுக் குலுக்கலில் நியூகாசில் வந்து விழுந்தது. அதுவும் அவர்கள் ஊரிலேயே. சாலை வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல். நியூகாசில் 1969-இல் ஐரோப்பிய ஃபேர்ஸ் கோப்பையை வென்றிருந்தது. கேப்டன் பாபி மன்கர், ஸ்காட்லாந்தின் டோனி கிரீன், எல்லோருக்கும் மேலாக மால்கம் மெக்டொனால்டு. 1971-இல் லூட்டன் கிளப்பிலிருந்து 1,80,000 பவுண்டுக்கு வாங்கிய முன்கள வீரர். சொந்த ஊர் ரசிகர்கள் முன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர்.

மழையால் தள்ளிப்போன அந்த ஆட்டம் ஜனவரி 24-இல் நடந்தது. விசில் ஊதிப் பதினேழாவது விநாடி, ஹெரிஃபோர்டின் பிரையன் ஓவன் கோல் போட்டார். ஆயிரக்கணக்கில் பஸ்ஸும் ரயிலும் ஏறிப் போயிருந்த ஹெரிஃபோர்டு ஜனம் இடத்தில் உட்காருவதற்கு முன்பே கோல். பிறகு மெக்டொனால்டு பெனால்டியில் ஒன்று, ஜான் டியூடர் ஒன்று என்று நியூகாசில் முந்தியது. அடிசன் தூரத்திலிருந்து ஒரு அடி கொடுத்து 2-2 ஆக்கினார். மேனேஜரே கோல் அடித்துத் தன் அணியைக் காப்பாற்றினார். விதிப்படி மறு ஆட்டம் ஹெரிஃபோர்டு மண்ணில்.

மண் என்று சொல்வதே தப்பு. ஓயாத மழையில் எட்கர் ஸ்ட்ரீட் கூழாகிக் கிடந்தது. இன்று, நாளை என்று மறு ஆட்டம் தள்ளிக்கொண்டே போனது. நியூகாசில் வீரர்கள் ஊருக்கும் திரும்ப முடியாமல், ஆடவும் முடியாமல், 40 கிலோமீட்டர் தள்ளி வூஸ்டரில் ஓட்டலில் அடைந்து கிடந்தார்கள். கால்பந்து வீரனைச் சும்மா உட்கார வைப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஹெரிஃபோர்டு வீரர்களுக்கு அந்த அலுப்பு இல்லை. அவர்கள் இருந்தது சொந்த ஊர், சொந்த வீடு. நியூகாசிலின் கால் அந்த ஓட்டலிலேயே பாதி மரத்துப்போயிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தள்ளித் தள்ளி, கடைசியில் மற்ற அணிகள் நான்காவது சுற்று ஆடும் சனிக்கிழமையன்று இவர்கள் மூன்றாவது சுற்றின் மிச்சத்தை முடிக்க இறங்கினார்கள்.

103-வது நிமிடம்

அதிகாரபூர்வக் கணக்கில் அன்று உள்ளே இருந்தவர்கள் 14,313 பேர். மரக்கிளைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் தொற்றிக்கொண்டிருந்தவர்கள் அதில் அடக்கமா என்று கேட்காதீர்கள்.

ஆட்டம் முழுக்க சேற்றோடு மல்லுக்கட்டல். உதைத்த பந்து பாதி வழியில் நின்றுவிடும். ஓடுபவன் கால் உள்ளே இறங்கி, இழுத்தெடுத்து அடுத்த அடி வைக்க வேண்டும். டோனி கிரீன் போன்ற நுணுக்கமான ஆட்டக்காரருக்கு இப்படியொரு களம் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. ஆனாலும் நியூகாசில் வாய்ப்புகளை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. ஹெரிஃபோர்டின் கோல்கீப்பர் ஃப்ரெட் பாட்டர் மறுபடி மறுபடி விழுந்து தடுத்தார். சேறு அப்பிய கையுறையோ வெறுங்கையோ, வழுக்கும் பந்தைப் பிடிப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். அன்று பாட்டர் இரண்டு கோல் விட்டிருந்தால் ராட்ஃபோர்டின் அடி செய்தித்தாளில் ஒரு வரிதான்.

வலது பின்கள வீரர் ரோஜர் கிரிஃபித்ஸ். ஆட்டத்தினிடையே அவர் காலில் பலமான அடி. எலும்பே முறிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. முறிந்த காலோடு அந்தச் சேற்றில், முதல் டிவிஷன் முன்கள வீரர்களைத் துரத்திக்கொண்டு நெடுநேரம் ஓடியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரே ஒரு மாற்று வீரருக்குத்தான் அனுமதி. எந்த மேனேஜரும் அதை எளிதில் செலவழிக்க மாட்டார். கடைசிப் பத்து நிமிடம்போல மிச்சம் இருக்கையில், இனி முடியாது என்றதும் அவரை வெளியே எடுத்து ரிக்கி ஜார்ஜை அனுப்பினார்கள். கிரிஃபித்ஸ் தடுப்பாட்டக்காரர், ஜார்ஜ் முன்னேறி ஆடுபவர்.

அதையொட்டியே, 82-வது நிமிடத்தில், விவ் பஸ்பி தூக்கிப் போட்ட பந்தை மெக்டொனால்டு தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். நியூகாசில் 1, ஹெரிஃபோர்டு 0. இத்தனை நாள் மழையும் காத்திருப்பும் கடைசியில் எல்லோரும் எதிர்பார்த்தபடியே முடியப்போகிறது என்று தோன்றியிருக்கும்.

அங்கிருந்து மூன்று நான்கு நிமிடம்தான். நடுக்களத்தில் ராட்ஃபோர்டு முரட்டுத்தனமாக மோதிப் பந்தை மீட்டார். முன்னால் இருந்த ஓவனுக்குத் தட்டினார். ஓவன் அதைத் திருப்பித் தந்தார். மீதியைத்தான் முதலிலேயே சொன்னேன். வலைக்கு முன் நின்ற வில்லி மெக்ஃபால் பறந்து பார்த்தார். தொடக்கூட முடியவில்லை.

களத்தில் புகுந்த கூட்டத்தைப் போலீஸும் நடுவரும் சேர்ந்து வெளியேற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கூடுதல் நேரம். 103-வது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து டட்லி டைலர் உள்ளே தள்ளிய பந்து ரிக்கி ஜார்ஜ் காலுக்கு வந்தது. சின்னப் பையனாக இருந்தபோது இதயத்தில் ஓட்டை என்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் டைலர். ஜார்ஜ் பந்தை வாங்கித் திரும்பினார். மன்கர் சறுக்கி வந்து காலை நீட்டினார். அந்தக் காலைத் தாண்டி, மெக்ஃபாலையும் தாண்டி, தரையோடு தரையாகப் பந்து தூரத்துக் கம்பத்துக்கு உள்பக்கம் புகுந்தது.

அழகில் ராட்ஃபோர்டின் அடிக்கு இது பக்கத்தில்கூட வராது. ஆனால் எனக்கு இந்த கோல்மேல்தான் பிரியம் அதிகம். களைப்பால் எல்லோர் காலும் துவண்டிருக்கையில், ஓய்வாக இருந்த ஒருவர், அவசரப்படாமல், எங்கே தட்ட வேண்டுமோ அங்கே தட்டினார். அது போதுமாக இருந்தது. மறுபடி பையன்கள் களத்துக்குள். கடைசி விசில் ஊதியபோது மூன்றாவது முறை. இம்முறை வீரர்களைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

லீக்குக்கு வெளியே இருந்து வந்து முதல் டிவிஷன் அணியை வீழ்த்துவது, 1949-இல் யோவில் சண்டர்லாந்தை வென்றதற்குப் பிறகு அதுவே முதல் முறை. நியூகாசிலைக் கேலி செய்து எழுதுவது சுலபம், இன்றுவரை எழுதுகிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமையே அதே அணி ஓல்டு டிராஃபோர்டுக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-0 என்று வென்றது. ஹெரிஃபோர்டு வென்றது சோப்ளாங்கி அணியை அல்ல.

மைக் பிடித்த நண்பர்

அன்று பி.பி.சி. தொலைக்காட்சிக்கு வர்ணனை செய்ய வந்தவர் 26 வயது ஜான் மாட்சன். தொலைக்காட்சிக்குப் புதியவர். ‘மேட்ச் ஆஃப் த டே’ இரவு நிகழ்ச்சியின் கடைசியில் ஐந்து நிமிடம் காட்டலாம் என்ற கணக்கில்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். பெரிய அணி நாலைந்து கோல் போடும், அதைத் தொகுத்து வைத்தால் ஆயிற்று. ராட்ஃபோர்டின் கால் பந்தைத் தொட்டதும் அந்தக் குரல் உடைந்து, வீரரின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அந்த ஆட்டம்தான் அன்றிரவு நிகழ்ச்சியில் முதலாவதாகப் போனது. தன் தொழில்வாழ்க்கையை மாற்றியது அந்தச் சனிக்கிழமைதான் என்று மாட்சன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மாட்சன், இளம் நிருபராக லண்டனுக்கு வடக்கே பார்னெட் ஊர்ப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். ரிக்கி ஜார்ஜ் அந்த ஊர் கிளப்பில் ஆடியவர். இருவரும் நண்பர்கள். நண்பன் அடித்த வெற்றி கோலை நண்பனே வர்ணித்து நாட்டுக்குச் சொன்னான். (ஜார்ஜுக்கு அதிர்ஷ்டம் அத்தோடு நிற்கவில்லை. அவர் பங்குதாரராக இருந்த எர்த் சமிட் என்ற குதிரை 1998-இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது.)

ராட்ஃபோர்டின் அடி அந்த ஆண்டின் சிறந்த கோலாக பி.பி.சி.யில் தேர்வானது.

நான்காவது சுற்றில் வெஸ்ட் ஹாம். எட்கர் ஸ்ட்ரீட்டில் 0-0. மறு ஆட்டம் லண்டனில், பிப்ரவரி 14, திங்கட்கிழமை பிற்பகல். அப்போது சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் நாடே மின்வெட்டில் கிடந்தது. ராத்திரி விளக்குப் போட்டு ஆட வழியில்லை. வேலை நாளின் பட்டப்பகலில் 42,271 பேர் வந்தார்கள். 1966 உலகக் கோப்பை நாயகன் ஜெஃப் ஹர்ஸ்ட் மூன்று கோல் அடித்தார். ஹெரிஃபோர்டுக்கு பில்லி மெடோஸ் ஒன்று. 3-1. ஓட்டம் அங்கே நின்றது.

கதவு திறந்தது, இன்னொருவர் வெளியே போனார்

அந்தக் கோடையில் லீக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. பழகிய முகங்களையே திரும்பச் சேர்க்கும் அந்த அறையில் இம்முறை எல்லோருக்கும் ஹெரிஃபோர்டு தெரிந்திருந்தது. தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். ஹெரிஃபோர்டும் பாரோவும் 26 ஓட்டு வாங்கிச் சமமாக நின்றன. இரண்டாவது ஓட்டெடுப்பில் ஹெரிஃபோர்டுக்கு 29, பாரோவுக்கு 20.

பாரோ, வடமேற்கு மூலையில் கப்பல் கட்டும் ஊர். 1921 முதல் 51 வருடம் லீக்கில் இருந்த கிளப். அந்த வருடம் நான்காவது டிவிஷனில் பாரோ கடைசி இடத்தில் இல்லை, அதற்குக் கீழே இரண்டு அணிகள் இருந்தன. அவை தப்பித்தன. போய்வர வெகுதூரம் என்பது ஒரு குறை, மைதானத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயப் பாதை போட்டது இன்னொரு குறை என்றார்கள். எட்கர் ஸ்ட்ரீட் கொண்டாட்டத்தைப் பற்றி எழுதும் எவரும் பாரோவைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கருத்து. பாரோ ஒரு பந்தயத்திலும் ஹெரிஃபோர்டிடம் தோற்று வெளியேறவில்லை. ஓட்டில் தோற்றது. திரும்ப லீக்குக்குள் வர அதற்கு 48 வருடம் பிடித்தது. 2020-இல்தான் வந்தது.

உள்ளே வந்த ஹெரிஃபோர்டு முதல் வருடமே மூன்றாவது டிவிஷனுக்கு ஏறியது. 1974 ஜனவரியில் அதே வெஸ்ட் ஹாமைக் கோப்பை மறு ஆட்டத்தில் 2-1 என்று திருப்பி அடித்தது. 1976-இல் மூன்றாவது டிவிஷன் சாம்பியன். ஒரே ஒரு பருவம் இரண்டாவது டிவிஷன். அவ்வளவுதான் உச்சம். பிறகு சரிவு. 1997-இல் கடைசி நாள் ஆட்டத்தில் எட்கர் ஸ்ட்ரீட்டிலேயே பிரைட்டனோடு 1-1 என்று முடிந்து, புள்ளிகள் சமமாகியும் அடித்த கோல் கணக்கில் பின்தங்கி, லீக்கை விட்டு வெளியே போனது. 2006-இல் திரும்பி வந்து, மறுபடி இறங்கி, கடனில் மூழ்கி, 2014 டிசம்பர் 19 அன்று நீதிமன்ற உத்தரவில் கலைக்கப்பட்டது.

ரசிகர்கள் விடவில்லை. அவர்கள் தோள்கொடுத்து ஹெரிஃபோர்டு எஃப்.சி. என்று புதிதாக ஒரு கிளப் உருவானது. அதே எட்கர் ஸ்ட்ரீட்டில் 2015-இல், ஒன்பதாவது படியிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று வருடத்தில் மூன்று முறை சாம்பியன் ஆகி மேலே ஏறினார்கள். முதல் வருடத்தில் சிறு கிளப்களுக்கான எஃப்.ஏ. வாஸ் இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளி வரை போனார்கள். ஆரம்ப நிமிடங்களிலேயே கோல் போட்டு முந்தினார்கள். கடைசியில் 4-1 என்று தோற்றார்கள். எதிரணி மார்பெத் டவுன். மார்பெத், நியூகாசிலிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊர்.

ராட்ஃபோர்டு 2022 நவம்பர் 2 அன்று, 79 வயதில் காலமானார். நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2023 பிப்ரவரி 23-இல் ஜான் மாட்சன் போனார். அடித்தவரும் சொன்னவரும் முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பதிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ராட்ஃபோர்டு கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பையன்கள் ஓடி வருகிறார்கள். 103-வது நிமிடத்துக்குத் தள்ளினால் ஜார்ஜ் திரும்புகிறார், மன்கர் சறுக்குகிறார், பையன்கள் மறுபடி ஓடி வருகிறார்கள். இரண்டிலும் வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ரோஜர் கிரிஃபித்ஸ் இல்லை. அந்த இரண்டு கோலுக்கும் முன்பே, முறிந்த காலோடு அவர் களத்தை விட்டு வெளியேறியிருந்தார்.